தங்கமீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளப்பது ஏன்?

நிலம் குறைவாக உள்ள விவசாயிகளுக்கு வண்ணமீன் வளர்ப்பு ஏற்ற உபதொழிலாகும். சென்னை கொளத்தூரில் இத்தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. கிணற்று நீரும் சில சிமெண்டுத் தொட்டிகளும் இருந்தால் சிறிய அளவில் தொடங்கிவிடலாம். ஆனால், பல மாதங்கள் தீனி போட்டு வளர்த்து, விற்கும் தறுவாயில் உள்ள தங்கமீன்கள் ஒரே இரவில் செத்து மிதப்பதும் உண்டு. நோய் என்று எண்ணி மருந்து தேடி அலைவோர் பலர். இவ்வாறு ஒரே இரவில் கூட்டமாகச் சாவதற்குப் பெரும்பாலும் நீரில் பிராணவாயு குறைவதே காரணம்.

நீரில் பிராணவாயு

ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் பிராணவாயு உண்டு. 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரிலோ அதிகம் போனால் 7.5 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். நீர் சூடேறச் சூடேற இந்த அளவு குறையும். மீனின் தேவையோ கூடும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன்கள் திணறத் தொடங்கும்.

தங்கமீன் எதையும் தாங்கும் என்பர். மிகக் குளிர்ந்த நீரில் அது பிராணவாயு இன்றியே சில நாட்கள் உயிர்வாழும் என்பது உண்மையே. நமது வெப்பத்தில் அதற்கு வழியில்லை.

விடியற்காலை ஆபத்து

பச்சைப் பாசி பகலில் பிராணவாயுவை வெளியிடும். இரவில் பாசியும் மீனைப் போலவே பிராணவாயுவைச் செலவழிக்கும். ஆகவே சூரிய உதயத்திற்குச் சற்று முன்புதான் நீரில் அது மிகக் குறைவாக இருக்கும். தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தாலும், மிஞ்சிய தீனி அடியில் அழுகினாலும் நிலைமை மோசமாகும்.

கண்டறிவது எப்படி?

தீனிக்கு வரும் மீன் ஆளைக் கண்டதும் துள்ளி வரும். தின்றதும் கீழே போய்விடும். மூச்சுத் திணறும் மீன்கள் கூட்டமாக மேலே நின்று, இடைவிடாமல் வாயைத் திறந்து மூடும். தொட்டியைத் தட்டினாலும் எளிதில் கலையா. காற்றோடு ஒட்டிய மேல்நீரில் பிராணவாயு சற்று அதிகம் என்பதால்தான் அவை அங்கே வருகின்றன. குராமி, பைட்டர் மீன்கள் காற்றைச் சுவாசிக்க மேலே வருவது இயல்பு. தங்கமீனுக்கு அது இயல்பன்று.

ஓரிரு மீன்கள் மட்டும் திணறினால் செவுளில் ஒட்டுண்ணி இருக்கலாம். அவற்றைப் பிரித்து வைத்து, மீன்வளத் துறையினரின் ஆலோசனை பெற வேண்டும். காற்றுக்குழாய் ஓடியும் எல்லா மீன்களும் திணறினால், கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா சேர்ந்திருக்கலாம். அதற்கும் நீர் மாற்றுவதே முதலுதவி.

உடனே செய்ய வேண்டியவை

1. தீனியை நிறுத்த வேண்டும்.

2. அடிக்கழிவுடன் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு நீரை வெளியேற்றி, புது நீர் விட வேண்டும்.

3. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் பிராணவாயு மிகக் குறைவு. குழாயை நீருக்குள் அமிழ்த்தாமல், உயரத்திலிருந்து சிதறி விழும்படி விட வேண்டும். குளோரின் கலந்த குடிநீரானால் ஒரு நாள் திறந்த தொட்டியில் வைத்திருந்து பயன்படுத்த வேண்டும்.

4. மின்சாரம் இல்லாவிட்டால், தொட்டி நீரையே குடத்தால் முகந்து முகந்து மேலிருந்து ஊற்றலாம்.

வருமுன் காக்க

பிராணவாயு நீரின் மேற்பரப்பு வழியாகவே கரைகிறது. எனவே ஆழமான குறுகிய தொட்டியைவிட அகன்ற தொட்டியே மேல். மீன்கள் வளர வளர எண்ணிக்கையைக் குறைத்துப் பிரித்துவிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் தின்று தீரும் அளவே தீனி போட வேண்டும். கோடையில் தொட்டியின் ஒரு பகுதிக்குக் கீற்று நிழல் அமைக்கலாம்.

கட்லா, ரோகு வளர்க்கும் பண்ணைக் குட்டைக்கும் இதுவே விதி. அங்கே மீன் வாய் பிளந்தால் சாணமிடுவதை நிறுத்தி, பம்புசெட்டால் குட்டை நீரையே இறைத்து மேலே பீய்ச்ச வேண்டும்.

விடியுமுன் ஒரு முறை தொட்டியருகே சென்று பார்ப்பதை வழக்கமாக்கிக் கொண்டால், மாதக்கணக்கான உழைப்பு வீணாகாது.