நோயோடு கல்லூரிக்குப் போகிறவர்கள்

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் ஹீமோஃபிலியா பாடம் வரும். எக்ஸ் குரோமோசோமில் குறைபாட்டு மரபணு, தாய் கடத்தி, மகனுக்கு நோய் என்று கரும்பலகையில் படம் போட்டுப் பதினைந்து ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்தப் படத்தைப் போட்ட நாளில், அந்த நோய் உள்ள மாணவனே மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

ஆறாம் வகுப்பிலிருந்து எங்கள் பள்ளியில் படித்தவன். விளையாட்டு நேரத்தில் அவனை உட்கார வைக்க வேண்டும், அடிபட்டால் உடனே வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்பது ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரியும். முழங்கால் வீங்கினால் ஒரு வாரம் வரமாட்டான். மதுரைக்குப் போய் ஃபாக்டர் ஊசி போட்டுக்கொண்டு திரும்புவான். இவ்வளவு தெரிந்திருந்தும், அவனுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கித்தர வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நன்றாகத்தானே நடந்து வருகிறான் என்று இருந்துவிட்டோம்.

பிளஸ் டூ முடித்துப் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தான். அப்பாவுக்குச் சின்னாளபட்டியில் தறி வேலை. சேர்ந்த பிறகுதான் உதவித்தொகை பற்றிக் கேள்விப்பட்டு என்னிடம் வந்தார்கள். சான்றிதழுக்கு அலைந்தோம். ஒரு முறை மருத்துவர் விடுப்பு, அடுத்த முறை பழைய சிகிச்சைச் சீட்டுகள் போதவில்லை. கையில் சான்றிதழ் வந்தபோது விண்ணப்பத்தின் கடைசித் தேதி கடந்திருந்தது. கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை விட்டான். அந்த ஓராண்டு அவன் இழந்ததில் என் பங்கும் உண்டு.

அதன் பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தவை ஏழு வகைக் குறைபாடுகள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 அதை 21 வகைகளாக விரித்தது. ஹீமோஃபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் ஆகிய மூன்று இரத்த நோய்களும் அதில் உள்ளன. தசைச்சிதைவு, மனநோய், கற்றல் குறைபாடு ஆகியவையும் உள்ளன. மாற்றுத்திறனாளி என்றதும் மூன்று சக்கர வண்டியும் ஊன்றுகோலும்தான் நம் கண்முன் வருகின்றன. வகுப்பில் அமைதியாக இருக்கும் நோயாளிப் பிள்ளை அந்தப் படத்தில் வருவதில்லை.

40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு என்று மருத்துவக் குழு சான்றளித்தால் பல கதவுகள் திறக்கின்றன. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இட ஒதுக்கீடு உண்டு. வயது வரம்பில் ஐந்து ஆண்டுகள் தளர்வும் உண்டு. சிகிச்சையால் ஓரிரு ஆண்டுகளை இழந்த பிள்ளைக்கு இந்தத் தளர்வு பெரிது. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் பதினொன்றாம் வகுப்பு முதல் முதுகலை வரை மத்திய அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஒன்பது, பத்து வகுப்புகளுக்குத் தனித் திட்டம் இருக்கிறது. தொழில்நுட்பப் பட்டமோ டிப்ளமோவோ படிப்பவர்களுக்கு ஏஐசிடிஇ வழங்கும் சக்ஷம் உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய், வருமான வரம்பு 8 லட்சம். நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களும் இதற்குத் தகுதியானவர்கள். என் மாணவன் மறு ஆண்டு மீண்டும் சேர்ந்தபோது விண்ணப்பித்தது இதற்குத்தான். பட்டறையில் கையில் வெட்டுப்பட்டால் அவனுக்கு ஆபத்து என்பதால் இந்த முறை மெக்கானிக்கலை விட்டு எலெக்ட்ரானிக்ஸ் எடுத்தான். பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது மதிப்பெண்ணோடு மருத்துவச் சீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச வேண்டும் என்பதை அவனிடம்தான் கற்றேன்.

யுடிஐடி அட்டை பற்றி ஒரு குழப்பம் உண்டு. 40 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தாலும் வெள்ளை நிறத்தில் அட்டை வரும். மஞ்சளும் நீலமும் அதற்கு மேல். "அட்டைதான் இருக்கே, பணம் ஏன் வரலை?" என்று கேட்கும் பெற்றோருக்கு இந்த நிற வேறுபாட்டைச் சொன்னால் புரிகிறது.

எல்லாப் பெற்றோரும் அட்டையை விரும்புவதில்லை. "பிள்ளை நல்லாத்தானே இருக்கான் டீச்சர். ஊனம்னு எழுதிட்டா நாளைக்கு யாரு வேலை குடுப்பா?" என்று கேட்ட அம்மாவுக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பெண் பிள்ளையாக இருந்தால் கல்யாணப் பேச்சும் சேர்ந்து வந்துவிடும். அரசு வேலையில் நான்கு விழுக்காடு இட ஒதுக்கீடு இருக்கிறது என்று சொல்லலாம், சொல்கிறேன். ஆனால் ஒரே நாளில் ஒப்புக்கொள்ளும் விஷயம் இல்லை. இரண்டு மூன்று முறை பேசக் காலம் வேண்டும். அந்தக் காலம் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறது, பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் இல்லை.

இனி, 21 வகைகளுக்கு வெளியே நிற்பவர்கள். முதல் வகை நீரிழிவு, வலிப்பு, பிறவி இதய நோய், சிறுநீரக நோய் எதுவும் அந்தப் பட்டியலில் பெயராக இல்லை. எங்கள் மாணவி ஒருத்தி பத்து வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு முறை சர்க்கரை பார்க்கும் பட்டைக்குத்தான் செலவு. நோயின் பெயரால் அவளுக்கு உதவித்தொகை எதுவும் கிடைக்கவில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. அதில் பாதி பட்டைக்குப் போகிறது. பஸ்ஸுக்குச் செலவில்லை, சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப்புதல்வன் வந்தது. பெரிய சிகிச்சை என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், காசநோய் என்றால் சிகிச்சைக் காலம் முழுவதும் மாதம் 1000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி. இப்படி வேறு வேறு வாசல்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத்தான் அந்தப் பிள்ளைகள் படிக்கிறார்கள். முதல் வகை நீரிழிவையும் பட்டியலில் சேர்ப்பதே நியாயம் என்பது என் கருத்து.

பணம் கிடைத்தாலும் வருகைப்பதிவு இடிக்கும். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் 75 விழுக்காடு வருகை கேட்கின்றன. மருத்துவச் சான்று கொடுத்தால் ஓரளவு சலுகை உண்டு. ஆனால் நோய் முற்றிய பருவத்தில் தேர்வைத் தவறவிட்டவருக்கு, தேர்ச்சியைப் பார்த்துப் புதுப்பிக்கும் உதவித்தொகையும் சேர்ந்து தவறுகிறது. உதவி அதிகம் தேவைப்படும் ஆண்டில்தான் அது நிற்கிறது. அதனால் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே துறைத் தலைவரிடம் நோயைச் சொல்லிவிடும்படி பிள்ளைகளிடம் சொல்கிறேன். மறைத்துவைத்து நவம்பரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

எங்கள் ஆத்தூர்ப் பகுதிக்கு ஒரு சிறப்பு உண்டு. 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கிய டாக்டர் சௌந்தரம் அம்மையார் ஒரு மருத்துவர். கல்வியும் மருத்துவமும் ஒரே கையால் தொடங்கப்பட்ட மண் இது. நாங்கள் பள்ளியில் இரண்டையும் வேறு வேறு பதிவேடுகளில் வைத்திருந்தோம். இப்போது ஜூன் மாதத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் ஒரு சிறு குறிப்பேடு போடுகிறோம். தொடர் சிகிச்சையில் இருப்பவர் யார், பழைய சீட்டுகள் பத்திரமாக இருக்கின்றனவா, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா, ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா. கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். ஓர் எழுத்து மாறினாலும் இ-சேவை மையத்துக்கு நான்கு நடை நடக்க வேண்டியிருக்கிறது. நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போது அந்தக் குறிப்பேட்டைக் காட்டுகிறோம். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் மருத்துவ மதிப்பீட்டு முகாமின் தேதியைச் சொல்லிவிடுகிறார். குறிப்பேடு வகுப்பில் சுற்றாது, வகுப்பாசிரியரின் மேசை அறையில் பூட்டியிருக்கும்.

அந்த ஹீமோஃபிலியா மாணவன் இந்த ஆண்டு டிப்ளமோ முடித்துவிட்டான். குறிப்பேட்டில் இப்போது தலசீமியா உள்ள ஒரு சிறுமியின் பெயர் இருக்கிறது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டு வருகிறவள். அவள் அப்பா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறேன்.