தலைகீழ் எஞ்சினில் எரிபொருள் தேங்குவது ஏன்?

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் காலை. சூரமங்கலத்தில் எங்கள் தெருவில் வசிக்கும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் மாதிரி விமானத்தை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றான். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேர வேண்டும், அகில இந்திய வாயு சைனிக் முகாமின் மாதிரி விமானப் போட்டியில் பறக்கவிட வேண்டும் என்பது அவன் ஆசை. ஓராண்டுச் சேமிப்பில் வாங்கிய பழைய எஞ்சின் அது.

"சார், அரை மணி நேரமா சுத்தறேன், ஸ்டார்ட்டே ஆகல. இப்ப விசிறியே திரும்ப மாட்டேங்குது."

"இனிமேல் அதைத் தொடாதே" என்றேன். விசிறியை ஒரு முறை பலமாகத் திருப்பியிருந்தாலும் போதும், ஓராண்டுச் சேமிப்பு வீணாகியிருக்கும். கல்லூரி நாட்களில் இதே நிலையில் மின்சார ஸ்டார்ட்டரை வைத்து அழுத்தியவன் நான். வளைந்துபோன இணைப்புத் தண்டுடன் அந்த எஞ்சின் இன்றும் என் மேசையில் காகிதம் பறக்காமல் காக்கும் கனமாக இருக்கிறது.

பிளக்கைக் கழற்றி விசிறியை மெதுவாகக் கையால் சுற்றினேன். துளை வழியே எரிபொருள் பீறிட்டு வந்தது. சிலிண்டர் தலைக்குள் தேங்கியிருந்த திரவம்தான் பிஸ்டனைத் தடுத்து நின்றது. காற்றை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள் அல்லவா? 6.5 கன சென்டிமீட்டர் எஞ்சின் ஒன்றில் பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு எஞ்சும் இடம் ஏறத்தாழ 0.7 கன சென்டிமீட்டர்தான். ஒரு தேக்கரண்டியில் ஏழில் ஒரு பங்கு! அவ்வளவு திரவம் சேர்ந்தாலே பிஸ்டன் முட்டி நின்றுவிடும்.

அது எப்படி அங்கே போய்ச் சேருகிறது? இரண்டு வீச்சு எஞ்சினில் எரிபொருள் முதலில் கிராங்க் அறைக்குள் போகிறது. அங்கிருந்து பக்கவாட்டு வழிகளால் சிலிண்டருக்குப் போகிறது. நிமிர்ந்த எஞ்சினில் சிலிண்டர் மேலே இருப்பதால், மிகுதியான எரிபொருள் கிராங்க் அறையின் அடியிலேயே தங்கும். பிஸ்டன் மேல் விழுந்த துளிகளும் பிஸ்டன் கீழே வரும்போது புகைபோக்குத் துளை வழியே வழிந்துவிடும். எஞ்சினைத் தலைகீழாகப் பொருத்தினால் எல்லாம் மாறிவிடுகிறது. கிராங்க் அறை மேலே, சிலிண்டர் கீழே, எல்லாவற்றுக்கும் அடியில் பிளக். பக்கவழிகள் எரிபொருளைக் கீழே இறக்கும் வாய்க்கால்களாகி விடுகின்றன. புகைபோக்குத் துளையோ சிலிண்டர் தலையைவிட உயரத்தில் இருக்கிறது. ஆகவே சேர்ந்த திரவம் வெளியேற வழியே இல்லை. கிணற்றுக்குள் விழுந்ததுபோல் கிடக்கும்.

இந்த எஞ்சினின் பிளக் டி.வி.எஸ். மொபெட்டின் பிளக்கைப்போல் பொறி எழுப்புவதன்று. அமெரிக்கரான ரே ஆர்டன் 1947இல் வெளிக்கொணர்ந்த ஒளிர் பிளக் இது. உள்ளே பிளாட்டினக் கலவையாலான சிறு கம்பிச்சுருள் உண்டு. தொடக்கத்தில் 1.5 வோல்ட் மின்கலத்தால் அதைச் சிவக்கச் செய்கிறோம். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் மின்கலம் தேவையில்லை. வெடிப்பின் வெப்பமும், பிளாட்டினத்தின் முன்னிலையில் மெத்தனால் ஆக்சிஜனுடன் வினைபுரிவதால் பிறக்கும் வெப்பமும் சுருளைத் தணலாகவே வைத்திருக்கின்றன. ஆனால் சுருள் நனைந்தால் எல்லாம் கெட்டது. ஒரு கிலோகிராம் மெத்தனால் ஆவியாக ஏறத்தாழ 1,100 கிலோஜூல் வெப்பம் வேண்டும்; இது பெட்ரோலுக்கு வேண்டியதைப்போல் சுமார் மூன்று மடங்கு. அத்தனை வெப்பத்துக்கு அந்தச் சின்னச் சுருள் எங்கே போகும்? மேலும், ஒரு பங்கு பெட்ரோல் எரிய ஏறத்தாழ 15 பங்கு காற்று தேவை, மெத்தனாலுக்கு 6.4 பங்கே போதும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே வரும் திரவமும் அதிகம்.

இனி முக்கியமான கேள்வி: நின்றுகொண்டிருக்கும் எஞ்சினுக்குள் எரிபொருள் ஏன் தானாகவே வருகிறது? மாணவனின் விமானத்தை அளந்து பார்த்தேன். நிமிர்ந்த எஞ்சினுக்கான வரைபடத்தை வைத்துத் தொட்டியைப் பொருத்தியிருந்தான். நிமிர்ந்த நிலையில் கார்புரேட்டரின் எரிபொருள் துளை கிராங்க் தண்டுக்கு 2 சென்டிமீட்டர் மேலே இருக்கும். தலைகீழானால் 2 சென்டிமீட்டர் கீழே போகும். ஆக வேறுபாடு 2 அன்று, 4 சென்டிமீட்டர்! தொட்டி நிறைந்திருக்கையில் திரவ மட்டம் தொட்டியின் நடுக்கோட்டுக்கு மேல் இன்னும் 2 சென்டிமீட்டர். ஆக மொத்தம் 6.

80 பங்கு மெத்தனாலும் 20 பங்கு விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருளின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 820 கிலோகிராம். உயரம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்குங்கள்: 0.06 × 820 × 9.8 = சுமார் 480 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் இது இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் ஓயாமல் வேலை செய்கிறதே! தொட்டியிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் ரப்பர் குழாய் ஒரு சைபனாகிச் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டே இருக்கிறது.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு டம்ளரில் தண்ணீர், ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் போதும். குழாயில் நீரை நிரப்பி, ஒரு முனையை டம்ளருக்குள்ளும் மறுமுனையை வெளியேயும் வையுங்கள். வெளிமுனையை நீர்மட்டத்துக்குக் கீழே கொண்டுபோனால் சொட்டும். மட்டத்துக்கு உயர்த்தினால் நிற்கும். தண்ணீரில் மட்டுமே செய்யுங்கள். மெத்தனால் கொடிய நஞ்சு. கண்பார்வையையும் உயிரையும் பறிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்ற சாராயத்தில் கலந்திருந்தது இதுதான். வாயால் உறிஞ்சுவது கூடவே கூடாது. பெரியவர் ஒருவர் உடனில்லாமல் எரிபொருள் புட்டியைத் திறக்கவும் கூடாது.

விளக்கெண்ணெய் எதற்கு என்று கேட்பீர்கள். மண்ணெண்ணெய் வகை உயவு எண்ணெய்கள் மெத்தனாலில் கரைவதில்லை, விளக்கெண்ணெய் கரையும். முதல் உலகப் போர்க்கால விமானங்களின் சுழல் எஞ்சின்களுக்கும் அதுவே உயவு. நம் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறதே! ஆனால் மெத்தனால் ஆவியான பின்னும் இந்த எண்ணெய் பிளக்கில் பிசுபிசுப்பாகத் தங்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

பெரிய விமானங்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. பயிற்சி விமானமான டைகர் மாத்தின் ஜிப்ஸி மேஜர் எஞ்சின் தலைகீழ் வகை. கிராங்க் தண்டு மேலே இருப்பதால் விசிறி தரையில் படாது, விமானியின் பார்வையும் மறையாது. ஆனால் நிற்கும்போது எண்ணெய் கசிந்து சிலிண்டர்களில் இறங்கும். எனவே தீமூட்டலை நிறுத்திவைத்து, விசிறியைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்த பிறகே கிளப்புவார்கள்.

பரிகாரத்துக்கு வருவோம். தொட்டியின் நடுக்கோடு எரிபொருள் துளையின் மட்டத்திலோ, 5 முதல் 10 மில்லிமீட்டர் கீழேயோ இருக்கட்டும். மிகவும் கீழே இறக்கினால் விமானம் மூக்கை உயர்த்தும்போது எஞ்சின் பட்டினி கிடக்கும். இடமில்லாவிட்டால் கார்புரேட்டர் குழாயை மடித்துக் கிளிப் போட்டு, கிளப்பும் நேரத்தில் மட்டும் திறக்கலாம். எரிபொருள் நிரப்பும்போதும் கிளிப் அவசியம். சைலன்சரிலிருந்து தொட்டிக்கு வரும் அழுத்தக் குழாயையும் அப்போது கழற்றிவிடுங்கள். நிரப்பியபின் தொட்டியின் வாய்களை அடைத்து வெயிலில் விடாதீர்கள். நம்மூர்ச் சித்திரை வெயிலில் அடைபட்ட காற்று 10 பாகை சூடேறினாலே அழுத்தம் 3,300 பாஸ்கல் உயரும். மேலே கணக்கிட்டதைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு.

எனக்குப் பிடித்த வழி எளியது. விமானத்தையே மல்லாத்தி ஒரு தாங்கியில் வைத்துக் கிளப்புவது! எஞ்சின் நிமிர்ந்துவிடும், தொட்டியும் துளைக்குக் கீழே போய்விடும். ஓடத் தொடங்கியபின் பெரியவர் ஒருவர் விசிறிக்குப் பின்னால் நின்று புரட்டித் தரட்டும். விசிறியைச் சுற்ற விரல் வேண்டாம். ரப்பர் குழாய் மாட்டிய மரக்குச்சி போதும்.

எங்கள் மாணவன் அன்று மாலையே தொட்டியின் அடியிலிருந்த பலகையை அறுத்து எடுத்துவிட்டான். மூன்றரை சென்டிமீட்டர் இறங்கியது, அதற்குமேல் இடமில்லை. மீதி அரை சென்டிமீட்டருக்குத் துணி காயப்போடும் கிளிப் ஒன்றை அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்திருந்தான். மறுநாள் நான்காவது தட்டிலேயே எஞ்சின் கிளம்பிவிட்டது.