மனசைத் தொடற விளம்பரம் எழுதணுமா? அக்கா சொல்றதைக் கேளு, அம்மிணி!

ஆரி ஒர்க் ஜாக்கெட், டெரகோட்டா நகை, சீர்த்தட்டு அலங்காரம், குரோஷா பொம்மை, ரெசின் போட்டோ ஃபிரேம்னு சிங்காநல்லூர்ல எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் ஒரு வீட்டுலயாவது ஏதோ ஒரு கைவேலை நடந்துக்கிட்டிருக்கு. வேலையில குறை சொல்ல முடியாது. அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடறப்ப கீழே எழுதற நாலு வரியைப் பார்த்தாத்தான் எனக்குக் கோவம் வருது. நடு ராத்திரி வரைக்கும் கண்ணு வலிக்க ஜர்தோசி தைச்சவ, "பிரீமியம் குவாலிட்டி, பெஸ்ட் பிரைஸ், ஆர்டர் நவ்"னு எழுதிப்போட்டுப் படுத்துக்கறா. இதையேதான் மிக்ஸி விக்கறவரும் எழுதறார். அப்பறம் உன் கைவேலைன்னு எப்படித் தெரியும், கண்ணு?

சமையல், புள்ளைக, ஆர்டர்னு உனக்கு மூச்சு விட நேரமில்லைன்னு தெரியும். நேரா சோலிக்கு வர்றேன்.

1. பொருளை விட்டுப்போட்டு, அது போய்ச் சேர்ற வீட்டைப் பத்தி எழுது.

வாங்கறவங்களுக்கு உன் நூலோட தரம் ரெண்டாவது கவலைதான். அந்த ஜாக்கெட்டை எந்த நாள்ல, யார் முன்னாடி போடப் போறோம்கறதுதான் முதல் கவலை. நம்ம கொங்குக் கல்யாணத்துல இணைச்சீர்னு ஒண்ணு இருக்கு. மாப்பிள்ளையோட கூடப்பொறந்தவளுக்கு அன்னிக்கு இருக்கற மரியாதை வேற எந்த நாள்லயும் கிடைக்காது. அதைத் தெரிஞ்சுக்கிட்டே நீ "பிரைடல் கலெக்‌ஷன்"னு மொட்டையா எழுதினா எப்படி? இப்படி எழுதிப் பாரு:

"அண்ணன் கல்யாணத்துல இணைச்சீர் உங்களுக்குத்தானுங்க. அன்னிக்கு ஒறம்பரை எல்லாம் உங்களைத்தான் பார்ப்பாங்க. மயில்பச்சையில கை முழுக்க ஆரி வேலை. இருபது நாள் முன்னாடி சொல்லிடுங்க."

இதுல "அழகான", "அற்புதமான"னு ஒரு வார்த்தை கூட இல்லை, பாத்தியா? ஒரு தங்கச்சி இருக்கா, ஒரு நாள் இருக்கு. அது போதும், படிக்கறவ தன் அண்ணனை நெனைச்சுக்குவா.

பெரிய கம்பெனிக்காரங்களும் இதைத்தான் பண்ணாங்க. திருப்பூர்ல 1983-ல ஆரம்பிச்ச ராம்ராஜ் காட்டனை எடுத்துக்கோ. நாகராஜன்கறவர் தன் அப்பா ராமசாமி பேரையும் தன் பேரையும் சேர்த்து வெச்ச பேரு அது. வேட்டி கட்டிட்டுப் போனதால ஒரு நட்சத்திர ஓட்டல்ல உள்ளே விடலைன்னு அவரே பேட்டிகள்ல சொல்லியிருக்கார். வேட்டி கட்டினவருக்கு சல்யூட் அடிக்கற விளம்பரம் அந்த மனத்தாங்கல்ல இருந்து வந்ததுதான். நூல் எத்தனாம் நம்பர்னு அதுல பேச்சே இல்லை. வேட்டி கட்டினவருக்கு மரியாதை கிடைக்குது, அவ்வளவுதான். நம்ம அப்பா, தாத்தா எல்லாரும் எங்கேயோ ஒரு வாசல்ல தயங்கி நின்னவங்க. அதனாலதான் அது உள்ள போய்த் தைச்சது. உன் பொருள் எந்தத் தயக்கத்தைப் போக்குது, எந்தப் பெருமையைக் குடுக்குதுன்னு ஒரு நிமிஷம் உக்காந்து யோசி. வரி தானா வரும்.

2. நீயா வார்த்தை தேடாதே. வாங்கினவங்க வாயில இருந்து எடு.

அடுப்படியில ஒரு பழைய நோட்டு வெச்சுக்கோ. பார்சல் பிரிச்சவங்க போன்ல என்ன சொல்றாங்களோ, அதை அப்படியே எழுதி வை. "எங்க அம்மா இதை பீரோவுல பூட்டி வெச்சுக்கிட்டாங்க"ன்னு ஒருத்தி சொன்னா, அதுக்கு மேல நீ என்னத்தை எழுதப் போறே? எழுத நேரமில்லைன்னா போன் கீபோர்டுல மைக்கைத் தொட்டுத் தமிழ்லயே பேசு, அதுவே டைப் பண்ணிக்கும்.

ஆனா அவங்க அனுப்பின மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளு. பேரையும் நம்பரையும் மறைச்சிடு. குழந்தை முகம் இருந்தா, அம்மா சரின்னு சொல்லாம போடவே கூடாது. ஒரு வீட்டு நம்பிக்கையைக் கெடுத்துக்கிட்டா அந்தச் சொந்தக்காரங்க வட்டத்துல இருந்து ஆர்டரே வராது.

3. போட்டோவுல ஒரு கை இருக்கட்டும்.

வெள்ளை சார்ட் மேல தனியா கிடக்கற தோடு கடைத் தோடாட்டம் இருக்கும். அதையே ஒரு பாட்டி கை பேத்திக்கு மாட்டி விடறாப்ல எடு. காலையில எட்டு மணி வெயில், மொட்டை மாடியோ ஜன்னலோரமோ, அது போதும். ரிங் லைட்டுக்குக் காசு கொட்டாதே. பின்னாடி துணிக்கொடி தெரியாம பாத்துக்கோ.

4. சத்தமில்லாமயும் புரியணும்.

நெறையப் பேரு பஸ்லயும் ஆபீஸ்லயும் சத்தத்தை நிறுத்தி வெச்சுத்தான் வீடியோ பாக்கறாங்க. சத்தமில்லாம கதை சொல்றது புதுசில்ல. நம்ம கோயமுத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல திருச்சியில ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து படக்கருவியை வாங்கி ஊர் ஊரா கூடாரம் போட்டுக் காட்டினது சத்தமில்லாத படம். அப்பறம் 1914-ல இங்கயே வெரைட்டி ஹால்னு ஒரு சினிமா தியேட்டர் கட்டினார். இன்னிக்கும் அது இருந்த ரோட்டுக்குப் பேரு வெரைட்டி ஹால் ரோடுதான். பேச்சே இல்லாத முகத்தையும் கையையும் பார்த்தே சனங்க கதையைப் புரிஞ்சுக்கிட்டாங்க. உன் வீடியோவையும் சத்தமில்லாம ஒரு தரம் ஓட்டிப் பாரு. பொட்டியைத் திறக்கற கை, அதைப் பாக்கற முகம், கீழே பெரிய எழுத்துல ஒரே ஒரு வரி. இது போதும்.

சினிமாப் பாட்டைத் தூக்கிப் பின்னாடி போடாதே. பிசினஸ் கணக்குல அது காப்புரிமைச் சிக்கல், வீடியோவை ஊமையாக்கிடுவாங்க. உன் தையல் மெஷின் சத்தத்தையே விடு, அதுவே நல்லா இருக்கும்.

5. காலண்டரைப் பார்த்து எழுது. இதுல நெறையப் பேரு கோட்டை விடறாங்க.

வெள்ளைக்காரங்களோட அம்மா தினத்துக்குப் போஸ்டர் போடறதுல காட்டற அவசரத்தை நம்ம நாள் கிழமைல காட்ட மாட்டேங்கறீங்க. மனசு தானா இளகி நிக்கற நாள் நம்மகிட்ட எத்தனை இருக்கு! வளைகாப்பு, தொட்டில் போடறது, தாய்மாமன் சீர், புது வீடு பால் காய்ச்சறது, புள்ளையை முதல் முறை ஹாஸ்டல்ல விடறது, முதல் சம்பளத்துல அம்மாவுக்கு ஒரு சேலை. உள்ளூர் அம்மன் நோம்பிக்குக் கட்டிக்கொடுத்த பொண்ணு வீட்டுக்கு வர்றது இருக்கே, அதை எழுதினா வெளியூர்ல இருக்கறவ கண்ணு கலங்குவா.

நாளும் முக்கியம். ஆடியில கல்யாணம் இல்லைன்னு நீ கையைக் கட்டி உக்காந்துடறே. ஆவணி முகூர்த்தத்துக்கு ஜாக்கெட் தேடறது அந்த ஆடியிலதான். தை முகூர்த்தத்துக்குக் கார்த்திகையிலயே ஆரம்பிச்சிடு. புரட்டாசி கொலுவுக்கு பொம்மை செய்யறவளா இருந்தா ஆடி பொறக்கறப்பவே களிமண் பிசையற போட்டோவைப் போடணும். விசேஷத்துக்கு முந்தின வாரம் போடற விளம்பரத்தால உனக்கு டென்ஷன், அவங்களுக்கு ஏமாத்தம்.

6. நம்ம ஊர்ப் பேச்சுலயே எழுது.

"வாடிக்கையாளர்களின் திருப்தியே எங்கள் குறிக்கோள்" மாதிரி வரி எந்த மனசையும் தொட்டதில்லை. "வாங்கிப் பாருங்க, புடிக்கலைன்னா சொல்லுங்க, மாத்தித் தர்றேனுங்க"ன்னு எழுது. நம்ம "ங்க"வுல இருக்கற மரியாதைக்கே பாதி வியாபாரம் நடக்கும். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல மதுரை பஸ்ஸும் திருச்சி பஸ்ஸும் நிக்கற மாதிரி உன் ஸ்டேட்டஸையும் எல்லா ஊர்க்காரங்களும் பாக்கறாங்க. யாரும் நம்ம பேச்சைக் குறையா நெனைக்க மாட்டாங்க, நீ யாருன்னு புரிஞ்சுக்குவாங்க.

7. இதெல்லாம் கண்டிப்பா வேண்டாம்.

• "குடும்பக் கஷ்டம், தயவு பண்ணி வாங்குங்க"ன்னு எழுதாதே. பாவம் பார்த்து ஒரு தரம்தான் வாங்குவாங்க. உன் வேலைக்கு இருக்கற விலையையும் நீயே குறைச்சுக்கறே.

• "அம்மா மேல பாசம் இருந்தா இதை வாங்கித் தருவீங்க"ங்கற மிரட்டல் வேண்டவே வேண்டாம். குத்த உணர்ச்சியில வாங்கினவங்க அந்தப் பொருளைப் பாக்கறப்பெல்லாம் சங்கடப்படுவாங்க.

• பத்துப் பீஸ் வெச்சுக்கிட்டு "கடைசி ரெண்டு"ன்னு எழுதாதே. தப்பான விளம்பரத்துக்கு 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல அபராதமே இருக்கு. சட்டத்தை விடு, நாளைக்கே அதே ஜாக்கெட்டை வேற ஒருத்தி போட்டிருக்கறதை வாங்கினவ பாப்பாளே, அப்ப என்ன பதில் சொல்லுவே?

• விசைத்தறித் துணியில தைச்சுப்போட்டு "கைத்தறி"ன்னு எழுதறது பாவம், கண்ணு. பவானி ஜமுக்காளத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கின பொறவும், விசைத்தறி விரிப்பை அந்தப் பேருல விக்கறாங்கன்னு நெசவாளிக வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டிருக்காங்க. நெகமம் சேலைத் துணியிலயோ கோவை கோரா காட்டன்லயோ நெசமாவே தைச்சிருந்தா, துணியை எங்க வாங்கினேன்னு எழுது. அதுவே நல்ல கதை.

• அடுத்தவங்க போட்டோவை பின்ட்ரெஸ்ட்ல இருந்து எடுத்து "எங்கள் கைவண்ணம்"னு போடாதே.

• விலையை மறைக்காதே. மனசு இளகி வந்தவளை "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க"ன்னு நிறுத்தி வெச்சா அவ அப்படியே போயிடுவா. கடைசி வரியில விலையையும் எத்தனை நாள் ஆகும்கறதையும் தெளிவா போடு.

8. துக்கத்துக்கு வர்ற ஆர்டரைத் தனியா வெச்சுப் பாரு.

ரெசின் ஃபிரேம், பென்சில் ஓவியம் பண்றவங்களுக்கு இதைக் குறிப்பாச் சொல்றேன். இறந்து போன அப்பா போட்டோவை ஒருத்தர் கொண்டு வர்றார். அதைப் பண்ணிக் குடுத்த கையோட, பாட்டு போட்டு, இதயப் படம் ஒட்டி, "பத்து சதவீதத் தள்ளுபடி"ன்னு ஸ்டேட்டஸ் வெக்கறவங்களை நான் பார்த்திருக்கேன். நெஞ்சு பதறும். அந்த முகம் உன்னுதில்ல, அந்தக் குடும்பத்தோடது. அவங்களா "போடுங்க"ன்னு சொன்னாலும் பேரில்லாம, தள்ளுபடி இல்லாம, ஒரே வரியில போடு: "அப்பா சிரிக்கற போட்டோ ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சுன்னு சொன்னாங்க. அதை வெச்சு வரைஞ்சது." அதுக்கு மேல எழுதாதே. முகமே இல்லாம உன் கையும் பென்சிலும் மட்டும் தெரியற படம் போட்டா இன்னும் நல்லது. இப்படி அடக்கமா இருக்கறவங்களைத்தான் துக்கத்துல இருக்கறவங்க நம்பித் தேடி வருவாங்க.

9. பார்சலுக்குள்ள ஒரு சீட்டு.

இதைச் செய்யறவங்க ரொம்பக் கம்மி, செலவும் ஒண்ணுமில்லை. போஸ்ட்கார்டு அளவு அட்டையில வாங்கினவங்க பேரை உன் கையெழுத்துல தமிழ்ல எழுது. கீழே அவங்க விசேஷத்தைப் பத்தி ஒரு வரி: "பாப்பாவோட காதுகுத்து நல்லபடியா நடக்கட்டுமுங்க." அதுக்குக் கீழே எப்படித் துவைக்கணும், எப்படித் துடைச்சு வெக்கணும்னு ரெண்டு வரி. அச்சடிச்ச "தேங்க் யூ" கார்டை எல்லாரும் குப்பையில போடுவாங்க. கைல எழுதின பேரைப் போட மனசு வராது.

10. நேரம் மிச்சம் பண்ண அக்காவோட குறுக்கு வழி.

தினமும் எழுதணும்னு யாரும் சொல்லலை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லாரும் தூங்கறப்ப வாரத்துக்கு மூணு மட்டும் எழுதி வெச்சுக்கோ: ஒண்ணு செய்யற வேலையைப் பத்தி, ஒண்ணு வாங்கினவங்க சொன்னது, ஒண்ணு வரப்போற விசேஷம். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்ல விலை, நாள், அளவு எடுக்கற விவரம் மூணுக்கும் விரைவுப் பதிலா ஒரு தரம் சேமிச்சு வை. ஒவ்வொருத்தருக்கும் புதுசா டைப் அடிக்க வேண்டாம். பிராட்காஸ்ட் லிஸ்ட்ல 256 பேரைத்தான் சேர்க்க முடியும், உன் நம்பரைச் சேமிச்சு வெச்சவங்களுக்குத்தான் போகும். அதனால பார்சல் சீட்டுலயே "நம்பரைச் சேமிச்சுக்கோங்க"ன்னு எழுதிடு. காலையில ஒரு குட்மார்னிங் படம், ராத்திரி ஒரு குட்நைட் படம்னு அனுப்பி அந்த லிஸ்ட்டைக் கெடுத்துக்காதே, அடுத்த நிமிஷமே பிளாக் பண்ணிடுவாங்க.

எழுதி முடிச்சதும் வாய்விட்டு ஒரு தரம் படி. பக்கத்து வீட்டு அக்காகிட்ட நேர்ல இப்படிப் பேசுவியா? பேச மாட்டேன்னா அந்த வரியை அடிச்சிடு.

சரி, இதையெல்லாம் ஒரே நாள்ல பண்ணப் போறேன்னு கிளம்பிடாதே. இன்னிக்கு ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சதும், கடைசியா நீ போட்ட ஸ்டேட்டஸை எடு. அதை வாங்கப் போறவ யாரு, எந்த நாளுக்குன்னு கேட்டுக்கிட்டு, அந்த ஒண்ணை மட்டும் மாத்தி எழுதிப் போடு, அம்மிணி.