அயலூரில் ஓடுவழி

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் ஸ்ரீபெரும்புதூர் அமைந்துள்ளது. வைணவப் பெரியாராகிய இராமானுசர் தோன்றிய ஊர் அது. அவ்வூரையும், அதற்குத் தெற்கே உள்ள ஒரகடத்தையும் சூழ்ந்த நிலப்பரப்பு, நெல் விளையும் கழனிகளும் பனைமரங்களும் நிறைந்ததாக நெடுங்காலம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அதன் தோற்றம் மாறியது. தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை நிறுவி, 1998இல் தன் முதல் காரை வெளிக்கொணர்ந்தது. 2010இல் ரெனோ, நிசான் ஆகிய இரு நிறுவனங்களின் கூட்டுத் தொழிற்சாலையும், 2012இல் ஜெர்மனியின் டைம்லர் நிறுவனத்தின் சரக்குந்துத் தொழிற்சாலையும் ஒரகடத்தில் திறக்கப்பெற்றன. இவற்றின் பொருட்டுக் கொரியர், சப்பானியர், ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர் எனப் பல நாட்டுப் பொறியாளர்கள் இங்கு வரலாயினர். சிலர் ஒரு வாரம் தங்குவர். சிலர் சில ஆண்டுகள் தங்குவர்.

அங்ஙனம் வருவோருள் காலையில் ஓடிப் பழகியவர் பலர். சொந்த ஊரில் அவர்கள் ஓடும் இடம் அவர்களுக்கு நன்கு தெரியும். சியோல் நகரத்தார்க்கு ஹான் ஆற்றின் கரைப் பூங்காக்கள் உண்டு. டோக்கியோவில் பேரரசரின் அரண்மனை அகழியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள பாதை ஒன்று உளது. அங்கு ஓடுவோர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடுவதை வழக்கமாகக் கொண்டுள்ளனர். நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவிலும் நீர்த்தேக்கம் ஒன்றைச் சுற்றி ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் ஓடலாம். இம்மூன்றும் நீரோரப் பாதைகளாக இருத்தல் தற்செயலன்று. நீர்ப்பரப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சாலைகள் வருவது அரிது. ஆதலின் ஓடுபவர் அடிக்கடி நின்று ஊர்திகளுக்கு வழிவிட வேண்டியதில்லை. நீரை ஒருபுறமாகக் கொண்டு ஓடுபவருக்கு வழி தவறும் அச்சமும் இல்லை. கரை சமமாக இருக்கும்; காற்றும் தடையின்றி வீசும். ஆகவே, முன்பின் அறியாத ஊரில் இறங்கிய ஒருவர், ‘இங்கு ஓடுவதற்கு இடம் எங்கே?’ என்று கேட்பதைவிட, ‘இங்கு நீர் எங்கே?’ என்று கேட்பது நலம்.

ஆனால், ஒரகடத்தில் ஒரு விடுதியில் தங்கியவரின் கண்ணில் முதலில் படுவது நீரன்று. ஆறு வழிச் சாலையே. அகன்று, சமமாக, விளக்கு வெளிச்சத்தோடு கிடக்கும் அச்சாலை ஓடுபவரை அழைப்பதுபோலத் தோன்றும். அந்த அழைப்பை நம்புதல் ஆகாது. புதிய கார்களை ஏற்றிச் செல்லும் நீண்ட வண்டிகளும், துறைமுகத்திற்குப் பெட்டகம் சுமந்து செல்லும் லாரிகளும் இரவு பகலாக அதில் விரைகின்றன. தொழிலாளர் பணிமுறை மாறும் வேளையில் நிறுவனப் பேருந்துகள் வரிசை வரிசையாக வந்து சேரும். இவை அனைத்தினும் பெரிய இடர் ஓடுபவரின் பழக்கத்திலேயே இருக்கிறது. கொரியாவிலும் ஜெர்மனியிலும் ஊர்திகள் சாலையின் வலப்பக்கம் செல்வன. அந்நாட்டார் சாலையைக் கடக்குங்கால் முதலில் இடப்பக்கம் நோக்கியே பழகியவர். நம் நாட்டிலோ அருகில் வரும் ஊர்தி வலப்பக்கத்திலிருந்து வருகிறது. ஒரு கணம் தவறான திசையில் நோக்கினால் உயிர் போதலும் கூடும். சப்பானில் ஊர்திகள் இங்குப் போலவே இடப்பக்கம் செல்வதால், சப்பானியர்க்கு இவ்விடர் குறைவு. சாலையில் ஓடியே ஆகவேண்டும் என்னும் நிலை நேருமானால், வலப்புற ஓரமாக, எதிரே வரும் ஊர்திகளைப் பார்த்துக்கொண்டு ஓடுதல் வேண்டும். ஒளியைத் திருப்பிக் காட்டும் சட்டையும் வேண்டும். அப்போதும் சாலை விதியை மதியாது பின்புறமிருந்து ஓரமாக வரும் இருசக்கர வண்டிகளைக் காதால் கேட்டறிய வேண்டியிருப்பதால், இசை கேட்கும் கருவியை விடுதியிலேயே வைத்துவிட்டு வருதல் நன்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் கார்ப் பந்தயத்திற்கென 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஓடுகளம் 1990இல் திறக்கப்பட்டது. ஒரகடத்தில் உள்ள ஊர்தி ஆராய்ச்சி மையத்திலும் வண்டிகளை ஓட்டிச் சோதிப்பதற்கென்றே தனிப் பாதைகள் அமைந்துள்ளன. சக்கரங்களுக்கு இத்துணை வசதி செய்த நிலத்தில், கால்களுக்கென்று எவரும் தனியே பாதை போட்டதாகத் தெரியவில்லை என்று புதியவர் எண்ணக்கூடும். உண்மையில் அப்பாதை தொழிற்சாலைகளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்பகுதியில் போடப்பட்டுவிட்டது. அதுவே ஏரிக்கரை.

காஞ்சிபுரம் வட்டாரம் ஏரிகள் மலிந்த நாடு. மழை சில மாதங்களே பெய்யும் நிலத்தில், ஓடும் நீரை மறித்து நிறுத்த ஊர்தோறும் மண்கரை எழுப்பினர் முன்னோர். அவற்றைக் காப்பதற்கு அமைப்பும் இருந்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. ஏரிகளைப் பேணுதல் அவ்வாரியத்தின் கடமை. இன்று தொழிற்பேட்டைகளின் மதில்களுக்கு இடையிலும் பின்புறத்திலும் பல ஏரிகள் எஞ்சி நிற்கின்றன. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் முதலிய ஊர்களின் ஏரிகள் அத்தகையன.

கைப்பேசியின் நிலப்படத்தைக் கொண்டு இக்கரைகளைக் கண்டுபிடித்தல் எளிது. ஆனால் பார்க்கும் முறை தெரிந்திருத்தல் வேண்டும். நம் ஏரி நாற்புறமும் கரை கட்டிய குளம் அன்று. நிலம் சரியும் பக்கத்தில் மட்டும் வில்லைப் போல் வளைந்த கரை இருக்கும். மேட்டுப்பக்கம் திறந்தே கிடக்கும். இங்கு நிலம் பெரும்பாலும் கிழக்கு நோக்கிச் சரிவதால், கரையும் பெரும்பாலும் அப்பக்கத்தில் அமைந்திருக்கும். படத்தில் ஏரியின் ஓரம் ஒருபுறம் கிழிந்த துணிபோல் ஒழுங்கற்றும், மறுபுறம் கோடு இழுத்தாற்போல் தெளிவாகவும் காணப்படும். தெளிவான அக்கோடே கரை. கோடையில் படத்தில் நீலமாகத் தோன்றும் ஏரி நேரில் வறண்டு கிடக்கலாம். அதனால் ஓட்டத்திற்குக் குறைவில்லை.

கரை வில் வடிவினதாதலின், டோக்கியோவிற்போல் வட்டமிட்டு ஓட இயலாது. சென்ற வழியே மீள வேண்டும். அரைமணி நேரம் ஓட விரும்புபவர் கால்மணி ஆனதும் திரும்பிவிட்டால் கணக்குச் சரியாகிவிடும். நீரை வயலுக்கு விடும் மதகுகளும், மிகுநீர் வழியும் கலங்கலும் நல்ல அடையாளங்கள். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் கலங்கலின்மேல் நீர் வழியுமானால் அங்கேயே திரும்ப வேண்டும். கணுக்கால் அளவு நீர்தானே என்று கடக்க முற்படுதல் தகாது. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் இப்பகுதி ஏரிகள் நிரம்பி வழிந்ததையும், அருகில் உள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் அடையாற்றில் பெருக்கெடுத்துச் சென்னை வெள்ளத்தில் மூழ்கியதையும் மக்கள் மறக்கவில்லை. செம்பரம்பாக்கம் போன்று நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் காவல் உண்டு. காவலர் தடுத்தால் வாதிடாது திரும்புதலே முறை.

கரை ஓடுபவருக்காக மட்டும் உள்ளதன்று. அவ்வழியே மாடுகள் மேய்ச்சலுக்குச் செல்லும்; உழவர் மதகு பார்க்க வருவர்; ஊர்த் தெய்வத்தின் சிறு கோயில் கரையோரமே இருத்தலும் உண்டு. அவ்விடங்களில் ஓட்டத்தை நிறுத்தி நடந்து செல்லுதல் வேண்டும். நாய் துரத்தினாலும் ஓடலாகாது. ஓடும் பொருளைத் துரத்துவது நாயின் இயல்பு; நின்று மெல்ல விலகினால் பெரும்பாலும் அது விட்டுவிடும். கடித்துவிட்டால், கடித்த இடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநோய் வந்தபின் மருந்தால் மீட்டல் ஏறத்தாழ இயலாத ஒன்று என்பதை அயல்நாட்டார் பலர் அறியார். புற்களுள் பாம்பு இருத்தலும் கூடுமாதலால், நிலம் கண்ணுக்குத் தெரியுமுன் கரையேறல் கூடாது.

எனினும், வெளிச்சம் வரட்டும் என்று நெடுநேரம் காத்திருக்கவும் இயலாது. குளிர்காலத்தில் ஜெர்மனியின் வடபகுதியில் எட்டு மணிக்குப் பின்னரே கதிரவன் எழுகிறான். இங்கோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில் எழுந்துவிடுகிறான். விடியற்பொழுதும் குறுகியது. சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்கே வெயில் உறைக்கும். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை எளிதில் உலராது. வியர்வை உலராவிடில் உடல் குளிராது. குளிர்நாட்டு உடல் இவ்வெப்பத்திற்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் வரை ஆகும். அதுகாறும் தம் ஊரில் ஓடிய தொலைவில் பாதியை ஓடினாலே போதும். தலைசுற்றலோ குளிர்நடுக்கமோ தோன்றினால் உடனே நிழலில் அமர்ந்து நீர் பருக வேண்டும்.

இவை அனைத்தையும் புதியவர் தாமே ஒவ்வொன்றாகக் கண்டறியத் தேவையில்லை. விடியற்காலையில் இவ்வூர்ச் சாலையோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் ஓடும் இளைஞர் சிலரைக் காணலாம். இராணுவத்திலும் காவல்துறையிலும் சேர விரும்பி உடற்றகுதித் தேர்வுக்குப் பயில்வோர் அவர்கள். இராணுவத் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டும். அத்தொலைவைக் கரையில் எந்த மரத்திலிருந்து எந்த மதகு வரை என்று அவர்கள் அளந்து வைத்திருப்பர். எந்தக் கரையைச் சீமைக் கருவேல முள் அடைத்துவிட்டது, எந்தத் தெருமுனையில் நாய்கள் கூடும், எந்தப் பக்கம் மண் சறுக்கும் என்பன அவர்களுக்குத் தெரியும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்குள்ள விடுதிகளில் தங்கிப் பணிபுரியும் இளைஞர்க்கும் இவ்வூர் அயலூரே. அவர்களுள்ளும் சிலர் அந்த ஓட்டத்தில் சேர்ந்துகொள்ளக்கூடும். கொரியப் பொறியாளர் ஒருவர் தமிழில் ‘ஏரி’ என்னும் ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டு சென்று கையால் திசை கேட்டாலும், ‘வாங்க சார், எங்களோடு வாங்க’ என்று அவர்கள் முன்னே ஓடிக் காட்டுவர்.