முதல் திறப்பு: தற்காலிகக் கடவுச்சொல் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

பேசாலையிலிருந்தோ தலைமன்னாரிலிருந்தோ பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு முதல் நாட்களில் ஒரு வலையமைப்புக் கணக்கு கிடைக்கும். வைஃபை, மின்னஞ்சல் எல்லாம் அதிலேதான் திறக்கும். நான் கணக்குப் பெற்ற ஓரிடத்தில் பெயர்ப்பட்டியலை அறிவித்தல் பலகையில் ஒட்டி, அடியில் இப்படி எழுதியிருந்தார்கள்: ‘கடவுச்சொல் உங்கள் அடையாள அட்டை இலக்கம்.’ அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் உள்ள நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: அடையாள அட்டை இலக்கம் அவரவருக்குத்தான் தெரியும்.

உண்மை: இலங்கையில் 2016இல் வந்த 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டுவார்கள். 2004 ஜனவரி 20இல் பிறந்தவளின் இலக்கம் 2004520 என்றே தொடங்கும். பிறந்தநாள் வாழ்த்தை முகநூலில் பார்த்து, வயதையும் அறிந்தவன் முதல் ஏழு இலக்கத்தை அறிந்துவிட்டான். மிஞ்சுவது ஐந்து, அதிகபட்சம் ஒரு இலட்சம் முயற்சி. கணினிக்கு அது பெரிய வேலையே இல்லை.

நம்பிக்கை: தற்காலிகம்தானே, இலகுவாக இருந்தால் போதும்.

உண்மை: மாற்றும்வரை அதுதான் உங்கள் கடவுச்சொல். கணக்கைத் திறக்காமலே விடுமுறைக்கு ஊருக்கு வந்த பிள்ளையின் தற்காலிகம் மாதக்கணக்கில் நீளும். இலங்கையில் லேர்ன் வலையமைப்பு நடத்தும் எடுரோம் சேவையில், சொந்த நிறுவனத்தின் கணக்கு வேறு பல்கலைக்கழகங்களிலும் வைஃபையைத் திறக்கும். வேறொருவர் அதில் நுழைந்து குற்றம் செய்தால் பதிவேட்டில் நிற்பது உங்கள் பெயர். ஆகவே தற்காலிகச் சொல் சில நாளில் தானாகக் காலாவதியாக வேண்டும். முதல் நுழைவிலேயே மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நம்பிக்கை: கணக்குத் தரும் உத்தியோகத்தர் மனதில் தோன்றுவதைத் தட்டினாலே அது ஊகிக்க முடியாத எழுமாற்றுச் சொல்லாகிவிடும்.

உண்மை: மனித மனம் ஊர்ப்பெயரையும் ஆண்டையும்தான் தேடிப்போகும். ‘மன்னார்123’ அப்படிப் பிறந்ததுதான். இயந்திரத்திடம் விட்டாலும் கவனம் வேண்டும். டெபியன் இயங்குதளத்தில் எழுமாற்று எண் உருவாக்கி பழுதாகி, உருவான குறியாக்கத் திறப்புகள் ஒவ்வொரு வகையிலும் சுமார் 32,000க்குள் அடங்கிப்போனது 2008இல்தான் தெரியவந்தது. பாதுகாப்புக்கென்றே செய்த எழுமாற்று உருவாக்கியைப் பயன்படுத்த வேண்டும், பைதான் நிரலாக்க மொழியில் 3.6 பதிப்பிலிருந்து இருக்கும் ‘சீக்ரெட்ஸ்’ அதற்கானது.

நம்பிக்கை: எழுமாற்றுச் சொல்லை வாசிக்கவே முடியாது.

உண்மை: சீட்டை வைத்துக்கொண்டு “அது எல்-ஆ, ஒன்றா அண்ணா?” என்று தொலைபேசியில் கேட்கும் குரலை நானும் கேட்டிருக்கிறேன். 26 சிறிய ஆங்கில எழுத்து, 10 இலக்கம். அவற்றில் குழப்பும் எல், ஓ, ஒன்று, பூச்சியம் நான்கையும் நீக்கினால் 32. அவற்றால் பத்து எழுத்துச் சொல் அமைத்தால் ஆயிரம் இலட்சம் கோடிக்கு மேற்பட்ட சேர்க்கைகள். வாசிக்கவும் இலகு, ஊகிக்கவும் அரிது.

அந்தச் சொல்லை வாட்ஸ்அப் குழுவில் போடாமல், ஒவ்வொருவர் கையிலும் மூடிய சீட்டாகக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் அன்றைக்கே மாற்ற வேண்டும்.

வீடு கட்டி முடிந்ததும் மேசன் பாவித்த பூட்டைக் கழற்றிப் புதுப்பூட்டுப் போடுகிறோம். மேசனில் சந்தேகப்பட்டு அல்ல. இனி அது நம் வீடு என்பதால். கணக்கும் அப்படித்தான்.