விசா வரும் வரை: துணையைப் பார்க்கப் போவோர் அறிய வேண்டியவை

 

திருமணம் தொடர்பாக நம் அறக்கட்டளைக்கு வரும் கேள்விகளில் ஒரு வகை இப்போது அடிக்கடி வருகிறது. மாப்பிள்ளை மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ பிரிட்டனிலோ இருக்கிறார். நிக்காஹ் நம் ஊரில் நல்லபடியாக முடிந்தது. மனைவியை அழைத்துக்கொள்ள மனுப் போட்டாகிவிட்டது, ஆனால் பதில் வர மாதக்கணக்கில் ஆகிறது. "அதுவரை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாமா? அப்படிப் போனால் மனு கெட்டுப்போகுமா? போனவள் அங்கேயே இருந்துவிட்டால்தான் என்ன?"

சுருக்கமாகச் சொன்னால், போகலாம். உண்மையைச் சொல்லிப் போனால் பொதுவாக மனு கெடாது. ஆனால் கொடுத்த தவணைக்கு மேல் இருந்துவிடக் கூடாது. இதை விளக்கமாகப் பார்ப்போம்.

பிரிவு நமக்குப் புதிதல்ல

நம் கடற்கரை ஊர்கள் சபுராளிகளின் ஊர்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன பாட்டன்மார், இரண்டு மூன்று வருடம் கழித்தே ஊர் திரும்புவார்கள். கடிதத்தை வைத்தே குடும்பம் நடத்திய பாட்டிமார்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பிரிவைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அதை மார்க்கம் விரும்பியதாக நினைத்துவிடக் கூடாது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவின் தெருவில் போகும்போது, போருக்குப் போன கணவனை நினைத்து ஒரு பெண் வருந்துவதைக் கேட்டார்கள். தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் எவ்வளவு காலம் கணவனைப் பிரிந்து பொறுத்திருக்க முடியும் என்று விசாரித்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. அதன்படியே படைவீரர்கள் வீட்டைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு எல்லை வகுத்தார்கள். ஆகவே, விசா வரும்வரை இளம் தம்பதி ஒருவரையொருவர் பார்க்க வழி தேடுவது அவசரமோ ஆடம்பரமோ அல்ல. அது அவர்களின் உரிமை. பெரியவர்கள் அதற்கு உதவ வேண்டும்.

மூன்று நாள் தவணை

அதே சமயம், பார்க்கும் ஆசைக்காக வாக்கை முறிக்க மார்க்கம் இடம் தரவில்லை. இதற்கு நம் நாயகத்தின் வாழ்விலேயே முன்மாதிரி இருக்கிறது.

ஹிஜ்ரி 6-இல் உம்ராவுக்காகப் புறப்பட்ட முஸ்லிம்கள் மக்காவின் எல்லையில், ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு திரும்பிப் போய்விட்டு அடுத்த ஆண்டு வந்து மூன்று நாள் தங்கலாம் என்று உடன்படிக்கை ஆயிற்று. மறு ஆண்டு அவ்வாறே வந்தார்கள். அந்தப் பயணத்தை ஒட்டித்தான் நபி (ஸல்) அவர்கள் அன்னை மைமூனா (ரலி) அவர்களை மணந்தார்கள். மூன்று நாள் முடிந்ததும் குறைஷிகள் ஆள் அனுப்பி, தவணை முடிந்துவிட்டது, புறப்படுங்கள் என்றார்கள். மக்காவிலேயே வலீமா விருந்து கொடுத்து அவர்களையும் அழைக்க நாயகம் விரும்பினார்கள். குறைஷிகள் அதற்கும் இணங்கவில்லை. உடனே புறப்படும்படி நாயகம் கட்டளையிட்டார்கள். ஊருக்கு வெளியே சரிஃப் என்ற இடத்தில்தான் மணமக்கள் ஒன்றுசேர்ந்தார்கள்.

இந்த வரலாற்றைச் சற்று நினைத்துப் பாருங்கள். அது அவர்கள் பிறந்த ஊர். உடன் வந்திருந்த தோழர்களோ பெருங்கூட்டம். புதுத் திருமணம் வேறு. இருந்தும் ஒரு நாள் கூடுதலாகத் தங்கவில்லை. ஒரு நாட்டின் அனுமதி பெற்று உள்ளே போகும் முஸ்லிம், அந்த நாட்டுக்குத் துரோகம் செய்வது கூடாது என்று நம் மத்ஹபுகளின் இமாம்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கடவுச்சீட்டில் குத்தப்படும் முத்திரையும் அப்படி ஓர் ஒப்பந்தம்தான்.

பார்க்கப் போவது வேறு, குடியேறுவது வேறு

வருகை அனுமதி என்பது பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்கு. துணை விசா என்பது அங்கே வாழ்வதற்கு. ஒருவருக்கு இரண்டு நோக்கமும் இருக்கலாம். இன்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும், நாளை முறையான விசா கிடைத்ததும் குடியேற வேண்டும் என்று எண்ணுவதில் முரண்பாடு இல்லை. இந்த முறை திரும்பி விடுவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வர வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் நம் குடும்பங்கள் தவறான ஆலோசனைக்கு இரையாகின்றன. "கல்யாணம் ஆனதைச் சொல்லாதே. ஊர் சுற்றிப் பார்க்க வந்தேன், மாமா வீட்டில் தங்குகிறேன் என்று சொல்" என்று ஏஜெண்டுகள் சொல்லித் தருகிறார்கள். அதை நம்பி வாப்பாவே மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்.

இந்தப் பொய் அன்றைக்கு உதவுவதுபோல் தோன்றும். ஆனால் வருகை விசா மனுவில் "மணமாகாதவர்" என்று எழுதியது அந்த நாட்டின் பதிவில் இருக்கும். பிறகு துணை விசாவுக்காக நிக்காஹ் சான்றிதழை வைக்கும்போது, அதில் உள்ள தேதி அந்த மனுவுக்கு முந்தையதாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதிகாரிக்கு ஒரு நிமிடம் போதும். உண்மையான திருமணத்தையே அவர் சந்தேகிக்கத் தொடங்குவார். பொய்த் தகவல் கொடுத்தவருக்கு 10 ஆண்டு வரை தடை விதிக்க பிரிட்டனின் குடியேற்ற விதிகளில் இடம் இருக்கிறது. ஒரு மாதம் பார்ப்பதற்காகச் சொன்ன பொய், பல வருட வாழ்க்கையைத் தள்ளிப்போடும்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "என் கணவரைப் பார்க்க வந்திருக்கிறேன். துணை விசாவுக்கு மனுப் போட்டிருக்கிறோம். இன்ன தேதியில் திரும்புகிறேன், இதோ டிக்கெட்." இப்படிச் சொல்லியும் அனுமதி மறுக்கப்படலாம். அது வருத்தம்தான், ஆனால் பெயருக்குக் களங்கமில்லை. உண்மை சொன்னதால் கிடைக்காத அனுமதியை இன்னொரு நாள் மறுபடி கேட்கலாம்.

நாட்டுக்கு நாடு வேறுபாடு

மலேசியா: 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை தங்கலாம். இந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. அங்கே போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். இந்த 30 நாளை அங்கேயே வாழ்வதற்கான வழியாக நினைக்கக் கூடாது. மலேசியக் குடிமகனின் மனைவிக்குரியது நீண்ட கால சமூக வருகை அனுமதி. அதற்கு முதலில் அந்தத் திருமணம் மலேசியாவில் பதிவாகியிருக்க வேண்டும். வெளிநாட்டில் நிக்காஹ் செய்த மலேசிய முஸ்லிம் ஆறு மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று கூட்டரசுப் பிரதேசங்களின் 1984-ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டம் சொல்கிறது. ஆகவே பெண் வீட்டார் மாப்பிள்ளையிடம் நாசூக்குப் பார்க்காமல் கேளுங்கள்: "உங்கள் மாநிலச் சமய இலாகாவில் அனுமதி வாங்கினீர்களா? எப்போது பதிவு செய்யப் போகிறீர்கள்?"

சிங்கப்பூர்: இந்தியர்களுக்கு விசா தேவை. எத்தனை நாள் தங்கலாம் என்பது அங்கே இறங்கும்போது கிடைக்கும் அனுமதியைப் பொறுத்தது. குடிமகனை மணக்க இருப்பவர்கள், நீண்ட கால வருகை அனுமதி கிடைக்குமா என்பதைத் திருமணத்துக்கு முன்பே மதிப்பிட்டுக்கொள்ள அந்நாட்டுக் குடிநுழைவு ஆணையம் ஒரு வழி வைத்திருக்கிறது. நிக்காஹ் தேதி குறிப்பதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள். மாப்பிள்ளை அங்கே வேலை செய்யும் இந்தியராக இருந்தால் அவருடைய அனுமதி எந்த வகை என்று பாருங்கள். மனைவியைச் சார்ந்தோர் அனுமதியில் அழைக்க மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் மனைவியை அந்த அனுமதியில் அழைத்துக்கொள்ள முடியாது. இதைக் கல்யாணம் முடிந்த பிறகு தெரிந்துகொண்டு கலங்கும் வீடுகள் உண்டு. தவணை கடந்து தங்கினால் அபராதமும் சிறையும் உண்டு. 90 நாளுக்கு மேல் போனால் ஆண்களுக்குப் பிரம்படியும் உண்டு.

பிரிட்டன்: வருகை விசாவில் பொதுவாக ஆறு மாதம் வரை தங்கலாம். ஆனால் வருகையாளராக உள்ளே போனவர் அங்கிருந்தபடியே துணை விசாவுக்கு மாற முடியாது, ஊர் திரும்பித்தான் மனுச் செய்ய வேண்டும். 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக மனுச் செய்வோருக்கு, பொதுவாக அங்குள்ள துணையின் ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு இருக்க வேண்டும். ஆங்கிலத் தேர்வு, காசநோய்ப் பரிசோதனைச் சான்று ஆகியவையும் கேட்பார்கள். மனு நிலுவையில் இருக்கும்போது கடவுச்சீட்டு விசா மையத்தில் இருக்கக்கூடும். பார்க்கப் போக வேண்டுமானால் துணை விசாவுக்கு மனுச் செய்வதற்கு முன்பே போய்விட்டு வருவது நல்லது.

விதிகள் மாறுபவை. டிக்கெட் போடுவதற்கு முன் அந்தந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

யார் பயணம் செய்வது?

மனைவிதான் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மலேசிய, சிங்கப்பூர், பிரிட்டன் கடவுச்சீட்டு உள்ள மாப்பிள்ளைக்கு நம் நாட்டின் மின்-சுற்றுலா விசா பெரும்பாலும் எளிதாகக் கிடைக்கிறது. விடுப்புக் கிடைத்தால் அவர் இங்கே வருவதே செலவும் கவலையும் குறைந்த வழி. அப்படி வந்தால் பெண் வீட்டாருக்கு ஒரு கடமை உண்டு. வெளிநாட்டுக் குடிமகன் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதற்குரிய படிவத்தை இணையவழியில் பதிய வேண்டும். சொந்த மருமகன்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

இருவருக்கும் வசதியான மூன்றாவது நாட்டில் சந்திப்பதும் ஒரு வழி. வசதியுள்ளவர்கள் ஆளுக்கொரு ஊரிலிருந்து புறப்பட்டு மக்காவில் சேர்ந்து உம்ரா செய்யலாம். இல்லறத்தின் தொடக்கத்துக்கு அதைவிட நல்ல இடம் எது? மனைவி தனியாகப் பயணம் செய்வதில் மஹ்ரம் பற்றிய கேள்வி எழும். டிக்கெட் எடுப்பதற்கு முன் உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

1. அரசுப் பதிவுச் சான்றிதழ். ஜமாஅத் தஃப்தரில் பதிவதோடு நிற்கக் கூடாது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இன்படி, திருமணம் நடந்த 90 நாளுக்குள் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள் உண்டு.

2. ஒரே எழுத்தில் பெயர். கடவுச்சீட்டில் "எம்." என்றும் தஃப்தரில் "முஹம்மது" என்றும் இருந்தால் இருவேறு ஆள் என்று எண்ண இடமாகும். நிக்காஹ் எழுதும் அன்றே கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள்.

3. துணை விசா மனு போட்ட ரசீதின் நகல். இதை மறைக்க வேண்டியதில்லை. காட்டுவதே பலம்.

4. திரும்பும் டிக்கெட், இங்குள்ள பிடிப்புக்குச் சான்று. வேலையில் இருப்பவருக்கு விடுப்புக் கடிதம், படிப்பவருக்குக் கல்லூரிச் சான்று. குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்புள்ள கடவுச்சீட்டு வைத்திருக்கும் சகோதரிகள் மலேசியா போகும்போது திரும்பும் டிக்கெட்டை நம் விமான நிலையத்திலேயே கேட்பார்கள்.

5. பயண மருத்துவக் காப்பீடு. கர்ப்பிணியானால் மருத்துவர் சான்றும் வேண்டும். பல விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்குப் பின் சான்று கேட்கின்றன, 36 வாரத்துக்குப் பின் ஏற்றுவதில்லை.

முந்தைய பயணங்களின் டிக்கெட், முத்திரைப் பக்கம், சேர்ந்து எடுத்த படங்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். இது மெய்யான இல்லறம் என்பதற்குப் பின்னாளில் துணை விசா மனுவில் அவையே சாட்சி. சொன்ன தேதியில் திரும்பியதும் ஒரு சாட்சி. அடுத்த முறை போகும்போது அது பேசும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

மருமகள் போய்த் திரும்பி வந்ததும், "ஏன் திரும்பி வந்தாள்? அங்கே ஏதும் மனஸ்தாபமா?" என்று தெருவில் பேச்சுக் கிளம்பும். அந்தப் பேச்சுக்குப் பயந்தே சில பெண்கள் தவணை கடந்தும் அங்கே ஒளிந்து வாழ்கிறார்கள். வெளியே போகவும் மருத்துவமனைக்குப் போகவும் அஞ்சும் வாழ்க்கை அது. கணவனோடு சண்டை வந்தால் முறையிடவும் துணியமாட்டாள். நம் பெண்ணை அந்த நிலையில் விடலாமா? அவள் திரும்பி வந்தது வாக்கைக் காப்பாற்றியதால்தான் என்று மாமியாரும் உம்மாவும் முன்வந்து சொன்னால் ஊர் வாய் அடங்கும்.

காத்திருக்கும் காலத்தில் மாப்பிள்ளை செலவுக்கு அனுப்புவதும், நாள்தோறும் பேசுவதும், மனு எந்த நிலையில் இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்வதும் மனைவியின் உரிமைகள். மனுவை நிரப்புவதிலோ சான்றிதழ் பதிவிலோ சந்தேகம் இருந்தால் ஏஜெண்டிடம் பணம் கட்டுவதற்கு முன் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். தெரிந்ததைச் சொல்கிறோம். நமக்கு எட்டாததற்கு வழக்கறிஞரிடம் வழிகாட்டுகிறோம், இன்ஷா அல்லாஹ்.

எல்லைகளுக்கு அப்பால் பிரிந்திருக்கும் தம்பதிகளை அல்லாஹ் ஹலாலான வழியில், கௌரவத்தோடு விரைவில் ஒன்றுசேர்ப்பானாக. அதுவரை அவர்களுக்கு அழகிய பொறுமையையும், உண்மையில் உறுதியையும் தந்தருள்வானாக. ஆமீன்.