வளர்ந்தவரைக் குழந்தையாக்காதீர்கள்

அறிவுசார் குறைபாடுள்ள அண்ணனோ அத்தையோ உங்களிடம் பேசத் தயங்குகிறாரா? நம்பிக்கை வளர:

1. நாற்பது வயதுக்காரரைப் ‘பாப்பா’ என்று கொஞ்சாதீர்கள். வயதுக்கேற்ற மரியாதையில்தான் நெருக்கம் தொடங்கும்.

2. காபியா, டீயா? இரண்டு டம்ளரையும் காட்டிக் கேளுங்கள். பத்து எண்ணும்வரை காத்திருங்கள். யோசிக்க நேரம் வேண்டும்.

3. ஐந்து மணிக்கு மயிலாப்பூர் குளக்கரை என்றால், ஐந்துக்கே போய்விடுங்கள். சொன்ன சொல் தவறினால் நம்பிக்கை உடையும்.

4. பாண்டி பஜார் நெரிசலில் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். ‘ரோடு தாண்டலாமா?’ என்று கேட்டுக் கை நீட்டுங்கள். திடீரெனத் தொட்டால் மிரண்டுவிடுவார்.

5. டாக்டரிடம் முதலில் அவரையே பேச விடுங்கள். வலி அவருடையது.

மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி அவருக்கும் உண்டு என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். வீட்டிலும் அதை மதியுங்கள்.